மருந்து தானமா, கடனா?

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லத்துச் சிறுபிள்ளைகளும் அறிவர். பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்கு நூலறிவும் ஈவது இல்லறத்தார்க்குரிய நற்செயல்கள். இவற்றில் ஔடத தானம் புண்ணியமா என்று எவரும் ஐயுறுவதில்லை. ஆயினும் இக்காலத்தே நம் வீட்டுக் கூடங்களில் இடம்பெற்றுவிட்ட ஒரு பொருள், இத்தானத்தைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்கச் செய்கின்றது. கண்ணாடி மீன்தொட்டியையே குறிப்பிடுகின்றேன்.

தொட்டி மீனுக்குத் துடுப்பு அரிக்கின்றது. உடலில் பஞ்சுபோல் பூஞ்சை படர்கின்றது. தீனி எடாமல் மூலையில் ஒதுங்குகின்றது. வீட்டார் மனம் பதைக்கின்றது. ஒருவர் உப்பு போடச் சொல்கின்றார். மற்றொருவர் தேயிலைச் சாற்றைச் சிறிது ஊற்றச் சொல்கின்றார். இன்னொருவர் வாதுமைச் சருகை மிதக்க விடச் சொல்கின்றார். மீன் பிழைத்துவிட்டால், ஓர் உயிரைக் காத்தோம் என்ற நிறைவு பிறக்கின்றது. அந்நிறைவு இயல்பானதே. ஆனால் இங்கே அடைத்து வைத்தவரும் மருந்து இட்டவரும் ஒருவரே அல்லரோ? அவ்வாறாயின் அம்மருந்து தானமா, அன்றி அவர் பட்ட கடனில் ஒரு பகுதியா? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

சருகும் தேயிலையும்

முதலில் அம்மருந்தின் இயல்பைக் காண்போம். ஆலங்குளம் வட்டாரத்தில் பள்ளி வளாகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நாட்டு வாதுமை மரத்தைக் காணலாம். பிள்ளைகள் அதனை வாதாங்கொட்டை மரம் என்பர். கொட்டையைக் கல்லால் உடைத்து உள்ளிருக்கும் சிறு பருப்பைத் தின்பர். அதன் அகன்ற இலைகள் உதிர்வதற்கு முன் செந்நிறம் பெறும். உதிர்ந்தபின் பழுப்பேறிச் சருகாகும். நான் பணியாற்றிய ஆண்டுகளில், காலை வழிபாட்டிற்கு முன் அச்சருகைக் கூட்டி அள்ளுவதே மாணவர்க்கு ஒரு வேலையாக இருந்தது. அன்று குப்பைக்குழிக்குச் சென்ற சருகை இன்று மீன் வளர்ப்போர் தேடிப் பெறுகின்றனர். கட்டுக்கட்டாக விலைக்கும் விற்கின்றனர்.

கடுக்காய், தான்றி, தாமிரபரணிக் கரையில் ஓங்கி நிற்கும் மருது ஆகியவற்றுக்கு இம்மரம் நெருங்கிய உறவு. தாவர நூலார் இவை அனைத்தையும் ஒரே பேரினத்தில் அடக்குவர். இவற்றுக்குப் பொதுவான சுவை துவர்ப்பு. துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருளும், மட்கிய இலைகளில் தோன்றும் வேறு சில பொருள்களும் நீரில் கசிந்து இறங்கும்போது நீர் தேன்நிறம் கொள்ளும்; அதன் புளிப்புத் தன்மை சற்றே உயரும். நுண்கிருமிகளின் வளர்ச்சியும் பூஞ்சையின் வளர்ச்சியும் ஓரளவு தடைப்படும். இன்னொரு நன்மையும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு பிறக்கின்றது. புளிப்பு மிக்க நீரில் அதன் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவிற்கு மாறிவிடும். உலர்ந்த பெரிய இலை ஒன்றைக் கழுவி நாற்பது லிட்டர் நீரில் இட்டு, இரண்டு மூன்று வாரங்களில் மாற்றுவது போதுமானது.

தேயிலையிலும் டானின் இனத்துப் பொருள்கள் உள்ளன. ஆதலின் சருகு கிட்டாத இடத்தில், பாலும் சர்க்கரையும் சேராத இளஞ்சாற்றை ஆற வைத்துச் சிறிது சேர்ப்பவர் உண்டு. மணப்பொருள் கலந்த தூள் ஆகவே ஆகாது. தேயிலையில் கஃபீனும் இருத்தலால் அளவு மிஞ்சின் தீங்காகும். சருகு கிட்டும் நம் ஊர்களில் தேயிலையை நாடவேண்டிய தேவையே இல்லை. கொய்யா இலையையும் வாழைச் சருகையும் இவ்வாறே பயன்படுத்துவர்.

இம்மருந்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். சிறு காயம், துடுப்பு அரிப்பு, தொடக்க நிலைப் பூஞ்சை ஆகியவற்றுக்கு இது துணை செய்யும். வெண்புள்ளி நோய்க்கும், உடல் வீங்கிச் செதில்கள் நிமிரும் நோய்க்கும் இதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. இலை தழைகளால் தீங்கே விளையாது என்று எண்ணுவதும் பொருந்தாது. மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கையே இடுகின்றனர்; அதிலுள்ள சப்போனின் மீனின் குருதியணுக்களைச் சிதைத்துவிடும். இறால் பண்ணைகளில் தேயிலை இனச் செடிகளின் விதைப் புண்ணாக்கும் அவ்வாறே பயன்படுகின்றது. ஒரே இனத்துச் செடியின் இலை ஆற்றுகின்றது, விதை கொல்கின்றது. தாவரம் என்னும் பெயர் மட்டுமே ஒன்றை அகிம்சைப் பொருளாக்கிவிடாது. இடுவோரின் அறிவும் நோக்கமும் உடன் வேண்டும்.

நீர் என்னும் வீடு

சருகு ஏன் மீனுக்கு இதம் தருகின்றது என்று கேட்டால், அறவினாவிற்குரிய விடையின் முதற்பகுதி கிடைத்துவிடும். சண்டைமீன் என்று நாம் வாங்கும் மீனின் முன்னோர் தாய்லாந்திலும் அதனை அடுத்த நாடுகளிலும் உள்ள வயல்நீரிலும் சதுப்புநிலங்களிலும் வாழ்ந்தவை. கார்டினல் டெட்ரா என்னும் சிறுமீன் தென்னமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்றுப் படுகைக்குரியது. அவ்வாற்றின் பெயருக்குக் கரிய ஆறு என்றே பொருள். காட்டு இலைகள் உதிர்ந்து ஊறி ஊறி அந்நீர் தேநீரின் நிறம் பெற்றது. நம் மலைக்காட்டு ஓடைகளிலும் சருகு ஊறாத நீர் ஏது? தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய கெண்டையினச் சிறுமீன் ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். அதுவும் இன்று அழகு மீனாகத் தொட்டிக்குள் வந்துவிட்டது.

ஆகவே தொட்டியில் நாம் இடும் சருகு புதிதாகக் கண்டறிந்த ஔடதம் அன்று. அம்மீனின் பழைய வீட்டில் ஒரு துளியே அது. ஒருவனை அவன் ஊரிலிருந்து பிரித்து ஓர் அறையில் அடைத்தபின், அவன் ஊர்க் கிணற்று நீரை ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தால், அதனை ஈகை என்று சொல்வோமா? எடுத்ததில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தந்தோம் என்றே சொல்வோம். தானம் என்பது தனக்குரியதைப் பிறர்க்கு ஈதல். பிறர்க்குரியதைப் பிறர்க்கே திருப்பித் தருதல் கடன் தீர்த்தல்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இன்று விற்பனைக்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை ஆற்றைக் கண்டறியாதவை. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அவற்றுக்கு வீடு என்று தனியே ஒன்று உண்டோ என்று கேட்கலாம். கண்டறியாத வீடாயினும் உடம்பு அதனை மறப்பதில்லை. தொட்டியில் பிறந்த சண்டைமீனும் மேல்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்குகின்றது. உயிர்வளி குறைந்த சேற்றுநீரில் வாழ்ந்த முன்னோரின் உறுப்பு அதற்கும் வாய்த்திருக்கின்றது. பிறப்பிலேயே சிறைப்பட்டமை சிறையை வீடாக்கிவிடாது.

ஒரு மீனின் வீடு இன்னொரு மீனுக்கு வீடாகாது என்பதும் நினைவிற்குரியது. பொன்மீனும் மோலியும் கப்பியும் சற்றுக் கடினமான நீரை விரும்புவன. அவற்றின் தொட்டியை இலைச்சாற்றால் புளிக்கச் செய்வது நன்மை அன்று. யாருக்கு இடுகின்றோம் என்று அறியாமல் இடும் மருந்து, இடுபவரின் மனநிறைவிற்கே பயன்படும்.

ஐந்து குற்றங்கள்

மீன் நம் மரபில் எளிய உயிர் அன்று. அதனை ஐம்பொறியும் உடைய திரியஞ்ச உயிராகவே ஆகமம் வகுக்கின்றது. பதினெட்டாம் தீர்த்தங்கரர் அரநாதரின் இலாஞ்சனமும் மீனே. கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிக் காட்டுகின்றது. அவை பந்தம், வதம், சேதம், அதிபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. மாடும் குதிரையும் கண்முன் நிற்கச் சொல்லப்பட்டவை போல் இவை தோன்றலாம். மீன்தொட்டியின் முன் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்போம்.

பந்தம் என்பது கட்டி வைத்தலும் அடைத்து வைத்தலும். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வதம் என்பது அடித்துத் துன்புறுத்துதல். கண்ணாடியை விரலால் ஓயாது தட்டும் விளையாட்டைப் பிள்ளைகள் அறியாமல் செய்கின்றனர். சேதம் என்பது உறுப்பைச் சிதைத்தல். நம் நாட்டிலும் காணப்படும் கண்ணாடி மீனின் உடல் ஒளி ஊடுருவும் இயல்பினது. அதன் உடலில் ஊசியால் சாயம் ஏற்றிப் பலநிற மீன் என்று விற்கும் வழக்கம் அழகுமீன் வாணிகத்தில் புகுந்தது. அதனை விலைகொடுத்து வாங்குபவர்க்கு அவ்வூசியில் பங்கில்லை என்று சொல்ல இயலாது. அதிபாரம் என்பது தாங்க இயலாச் சுமை. ஐந்து மீனுக்குரிய நீரில் இருபது மீனை விடுவதும் சுமையேயாகும். இறுதியாக உணவும் நீரும். தொட்டியில் உணவை மறுப்பவர் குறைவு. மிகையாகக் கொட்டுபவரே பலர். தின்னாத தீனி அழுகி நீரைக் கெடுக்கும். மீனுக்கு நீரே மூச்சாதலின், நீரைக் கெடுப்பது நீரை மறுத்தலினும் கொடிது.

தொட்டி மீனின் நோய்களுள் மிகப் பலவற்றிற்குத் தொடக்கம் இந்நெருக்கமும் இந்நீர்க்கேடுமே. ஆதலின் வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும், குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துக் குளோரின் நீங்கியபின் ஊற்றுவதும், அளவறிந்து தீனி இடுவதும் எல்லா இலைகளினும் சிறந்த மருந்து. நோயை நாமே உண்டாக்கி மருந்தையும் நாமே இட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வது அறக்கணக்கில் நில்லாது.

எதற்காக மருந்து?

தாய்லாந்தில் மீன்சண்டை நடத்துவோர் உலர்ந்த வாதுமை இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். சண்டைக்கு முன் மீனின் செதில் உறுதிப்படவும், சண்டைக்குப் பின் கிழிந்த துடுப்பு ஆறவும் இலை ஊறிய நீரில் அதனை வைப்பர். அதே இலை, அதே நீர், அதே குணம். ஆயினும் ஆற்றுவது அடுத்த சண்டைக்காக. இதனை ஔடத தானம் என்று எவரேனும் சொல்வாரா? நம் நாட்டுச் சேவற்கட்டில் காயம்பட்ட சேவலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டுவதும் இவ்வகையதே.

நம் கூடத்துத் தொட்டி சண்டைக்களம் அன்று. எனினும் அதே வினாவை நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். மீன் பிழைக்கவேண்டும் என்று விரும்புவது அதன் பொருட்டா, கூடத்தின் அழகு குறையாதிருத்தற் பொருட்டா? இறந்தால் மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் உள்ளே இருக்குமாயின், இட்ட மருந்து கருணையால் இடப்பட்டது அன்று.

ஆறு மனிதரும் ஒரு மரமும்

இலேசியைகளை விளக்க நம் பெரியோர் கூறும் நாவல்மரக் கதையை அறியாதவர் இலர். பசித்த அறுவர் பழுத்த மரத்தைக் கண்டனர். ஒருவன் வேரோடு வெட்ட எண்ணினான், ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணினான். ஆறாமவனோ கீழே உதிர்ந்து கிடப்பதே பசிக்குப் போதும் என்றான். அவனுடையதே சுக்கில இலேசியை.

வாதுமைச் சருகு இக்கதைக்குப் பொருந்தி அமைந்த மருந்து. மரத்திலிருந்து பறித்த பச்சை இலையைத் தொட்டியில் இட்டால் அழுகி நீரைக் கெடுக்கும். மரம் தானே விடுத்து, காய்ந்து, உயிர் நீங்கிய இலையே பயன்படும். ஓரறிவு உயிரையும் ஊறு செய்யாமல் ஐயறிவு உயிரை ஆற்றும் மருந்து வேறு எங்கு எளிதில் கிடைக்கும்? மருந்து வேண்டுவோர் ஆறாம் மனிதனைப் போல மரத்தடியில் குனிந்து பொறுக்கட்டும். பூச்சிமருந்து தெளித்த இடத்தையும், சாலைப்புகை படியும் இடத்தையும் மட்டும் விலக்குக. பொறுக்கும்போது சருகினடியில் சிற்றுயிர்கள் இருக்குமாதலின் மெல்ல எடுத்து உதறுதல் நம் மரபினர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

மருந்தால் நுண்ணுயிர்கள் அழிகின்றனவே, அது ஹிம்சை ஆகாதா என்று கேட்பர். ஆகும். மீனின் உடலைப் பற்றியிருக்கும் பேன் போன்ற ஒட்டுண்ணியும் ஓர் உயிரே. இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாத ஹிம்சை உண்டு என்பதை அறநூல்கள் மறைப்பதில்லை. வேண்டுமென்றே எண்ணிச் செய்யும் ஹிம்சையை அதனினின்றும் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் இங்கும் முதற்காரணம் தொட்டியே. நெருக்கமின்றித் தூயநீரில் வாழும் மீனுக்கு ஒட்டுண்ணி பெருகும் வாய்ப்புக் குறைவு. வருமுன் காத்தால், ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்கும் நெருக்கடி பெரும்பாலும் எழாது.

விடுதலை எளிதா?

தில்லி செங்கோட்டைக்கு எதிரேயுள்ள திகம்பர சைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கான தரும மருத்துவமனை ஒன்று நடைபெற்று வருகின்றது. குணமடைந்த பறவைகளை மீண்டும் கூண்டிற்கு அனுப்பாமல் வானில் பறக்கவிடுதல் அங்குள்ள வழக்கம். அங்கே ஔடத தானம் அபய தானத்தில் சென்று முடிகின்றது. இரண்டும் சேரும்போதே தானம் நிறைவடைகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அவ்வாறாயின் தொட்டி மீனையும் குளத்தில் விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. அது பெரும்பாலும் அயல்நாட்டு மீன். நம் குளம் அதன் வீடன்று. ஒன்று அது இறக்கும், அல்லது பெருகிக் குளத்து உயிர்களை வருத்தும். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்பட்ட தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்தபின் நீர்நிலைகளில் விடப்பட்டு, இன்று தமிழகத்து ஏரிகள் பலவற்றில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கின்றது. ஓர் உயிர்க்கு அபயம் என்று எண்ணிச் செய்தது பல்லாயிரம் உயிர்க்கு அச்சமாயிற்று. பெயரிலேயே குளத்தைக் கொண்ட ஊர்கள் நிறைந்தது நம் பகுதி. அக்குளங்களை இத்தீங்கினின்று காப்பதும் சீவதயையே.

விலைகொடுத்து வாங்கிய ஒரு நாளில் நாம் இட்ட கட்டு, இவ்வாறு நம்மாலேயே அவிழ்க்க இயலாததாகின்றது. அவிழ்க்க இயலாத கட்டைச் சுமக்கும் பொறுப்பு கட்டியவர்க்கே உரியது. பொன்மீன் நன்கு பேணப்பட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கும் உயிர், அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் நாளிலும் வீட்டில் இருக்கும் என்று எண்ணி வாங்குவோர் எத்தனை பேர்?

முடிவு வேளையில்

எல்லா மருந்தும் பயனற்றுப்போகும் வேளையும் வரும். கிராம்புத் தைலம் சிறிய அளவில் மீனை மயக்கும். மிகுந்த அளவில் கொன்றுவிடும். துன்பத்தை முடிக்கின்றோம் என்று அதனைப் பயன்படுத்துவோர் உலகெங்கும் உண்டு. அவர்கள் மனத்திலும் இரக்கமே இருக்கலாம். நம் நெறி அவ்வழியை ஏற்பதில்லை. சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் நீங்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து அவனுக்கு உற்ற துணையாகின்றது. காப்பாற்ற இயலாத இடத்தில் சீவகன் விலகிச் செல்லவில்லை, உயிரைத் தானே முடிக்கவும் இல்லை, உடனிருந்தான். நீரைத் தூய்மையாக்கி, விளக்கொளியைக் குறைத்து, மற்ற மீன்கள் கொத்தாமல் தனியே வைத்து, மந்திரம் சொல்லி உடனிருத்தல் நம்மாலும் இயலும். பிள்ளைகள் அருகிருந்து காணட்டும். எங்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இயற்கைப் பாடத்திற்காகக் கண்ணாடிப் புட்டியில் தலைப்பிரட்டை வளர்க்கக் கற்பித்தனர்; வால் சுருங்கிக் கால் முளைப்பதைப் பிள்ளைகள் வியந்து காண்பர். உயிர் வளர்வதைக் காட்டும் பாடம் அது. உயிர் நீங்கும்போது உடனிருக்கக் கற்பிப்பது அதனினும் பெரிய பாடம்.

எடுத்துக்கொண்ட வினாவிற்கு விடை இனித் தெளிவு. வழியில் அடிபட்டுக் கிடக்கும் பறவைக்கு இடும் மருந்து தானம். நாம் வாங்கி அடைத்த மீனுக்கு இடும் மருந்து கடன். கடன் என்று அறிந்தவர் அதற்காகப் பெருமை கொள்ளார்; தவறவும் மாட்டார். தானத்தை இயன்றபோது செய்யலாம். கடனை உரிய நாளில் செலுத்தியே ஆகவேண்டும்.

ஆதலின் தொட்டி இல்லாத இல்லத்தார் புதிதாக ஒன்றை வாங்காதிருத்தல் நன்று. பிள்ளைகட்கு மீன் காணும் ஆசை எழுந்தால் மழைக்காலத்துக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்னமே வாங்கிவிட்டவர் இருக்கும் மீன்களை அவற்றின் ஆயுள் முடியும்வரை குறைவறப் பேணி, வெற்றிடத்தை மீண்டும் நிரப்பாது விடுக. நோயுற்றபோது முதலில் நீரை மாற்றுங்கள். பின்னர் மரத்தடிச் சருகைப் பொறுக்குங்கள்.